மழைக்கு மறுநாள் வாய்க்கால் கரையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

ட்ரெயில் (தார் போடாத மண், சேற்றுப் பாதை) ஓட்ட புது பைக் பார்க்கிறீர்கள் என்றால் சிசியை விட முதலில் முன் மட்கார்டைப் பாருங்கள். ஐப்பசி மழை விட்ட மறுநாள் நம்ம டெல்டா களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பி, சக்கரத்தையே சுற்றவிடாது, அதனால் ஒரு சாண் இடைவெளியாவது இருக்க வேண்டும் (எனக்கு ஒருமுறை ஈர்க்குச்சியால் நோண்டியே அரைமணி நேரம் போச்சு). அப்புறம் எடை. சேற்றில் சாய்ந்தால் தனியாளாய்த் தூக்க முடியணும். ஹீரோ கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200 பைக்குக்கு முன்சக்கரம் 21 அங்குலம், வரப்பு மேட்டில் சுலபமாய் ஏறும். கொள்ளிடத்து மணலில் இறங்கும் முன் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள்; ரொம்பக் குறைத்தால் கல்லில் இடித்து ட்யூப் கிழியும். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி அடிக்க, பையில் கைப்பம்பு. நடவு வயல் வரப்பில் மட்டும் ஏறாதீர்கள், உடையும்.