கோல்ஃப் பழகுகிறீர்களா? இந்தச் சொற்கள் தெரிந்திருக்கட்டும்

டிவியில் கோல்ஃப் பார்க்கும்போது -4, +2 என்று வருவது குழப்புகிறதா? ‘பார்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். தேர்ந்த ஆட்டக்காரர் பந்தை எத்தனை முறை அடித்து ஒரு குழியை முடிப்பார் என்ற கணக்கு அது. பெரும்பாலும் 3, 4 அல்லது 5. -4 என்றால் மொத்தத்தில் பாரைவிட நான்கு அடி குறைவு, +2 என்றால் இரண்டு அடி கூடுதல். ஒரு குழியில் ஓர் அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். 1935 மாஸ்டர்ஸ் போட்டியில் ஜீன் சாரசன் பார் 5 குழியை இரண்டே அடியில் முடித்தாரே, அதுதான் ஆல்பட்ராஸ். ஓர் அடி கூடினால் போகி.

களத்தில் இறங்குகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான சொல் ‘ப்ரொவிஷனல்’, அதாவது முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று முன்கூட்டியே அடித்துவைக்கும் மாற்றுப் பந்து. அடித்த பந்து புதருக்குள் போய்விட்டதா? அடுத்த பந்தை அடிக்கும் முன் ‘இது ப்ரொவிஷனல்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘இன்னொன்று அடிக்கிறேன்’ என்று மட்டும் சொன்னால் போதாது. முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் செல்லாது; ஓர் அடி தண்டனையும் சேரும். தேடுவதற்கு 3 நிமிடம்தான். 2019க்கு முன் 5 நிமிடம் இருந்தது.

அப்புறம், பந்து யார் பக்கமாவது பறந்தால் உடனே ‘ஃபோர்!’ என்று கத்துங்கள். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்தால் நிமிர்ந்து பார்க்காதீர்கள். இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனியுங்கள்.