ஊர்க் கூட்டத்தில் ஊசிப் பேச்சு வந்தால்: ஆய்வுகளைக் கணக்குப் பார்த்துப் பேசுவது எப்படி

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் குறைவில்லை. முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்து கூட்டிப் பெருக்கும்போது பின்கட்டிலும் கிணற்றடியிலும் போதை ஏற்றிய சிரிஞ்ச் கிடப்பதை எங்கள் வட்டாரத்தில் இப்போது சில வீடுகளில் பார்க்கிறோம். விஷயம் வெளியே வந்ததும் நலச் சங்கம் கூடும். ஒருவர் போலீஸைக் கூப்பிடு என்பார். இன்னொருவர் மதிலை உயர்த்து என்பார். பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எழுந்து, "அங்கெல்லாம் போதை ஊசி போடுறவங்களுக்கு அரசாங்கமே புது ஊசி கொடுக்குதாம்" என்பார். அத்தோடு கூட்டம் இரண்டாகிவிடும். இந்தக் குறிப்பு அந்தக் கடைசி ஆளுக்கும், அவரை மறுத்துப் பேசப் போகிறவருக்கும்.

நான் டாக்டர் இல்லை. புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், இப்போது எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். பொது சுகாதாரம் படிக்கும் தங்கை மகள் அனுப்பும் ஆய்வுக் கட்டுரைகளை அகராதியும் கையுமாக உட்கார்ந்து படிப்பேன். "மாமா, முதல் பத்தியைப் படிச்சுட்டு மூடி வெச்சுடாதீங்க" என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை.

முதலில் கிடக்கும் ஊசி

கூட்டத்துக்கு முன்னால் அதை அப்புறப்படுத்துங்கள். வெறுங்கையால் தொடக் கூடாது, மூடியைத் திரும்பப் போட முயலவும் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவை ஊசி கிடக்கும் இடத்துக்கே கொண்டுபோய், இடுக்கியால் எடுத்து, முனை கீழே இருக்கும்படி உள்ளே போட்டு மூடுங்கள். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு ஒப்படைக்கலாம். ஊசி, பிளேடு போன்ற குத்தும் கழிவுக்கு அங்கே தனியாக வெள்ளை நிறக் கொள்கலன் வைத்திருப்பார்கள். 2016ன் மருத்துவக் கழிவு விதி அப்படித்தான் சொல்கிறது. வீட்டுக் குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையைத்தான் குத்தும்.

குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும்.

திட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்

கூட்டத்தில் பாதிப் பேர் 'ஊசி மாற்று' என்றால் போதை மருந்தையே கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஊசி மட்டும்தான்: பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பது, கூடவே ரத்தப் பரிசோதனை, புண்ணுக்கு மருந்து, சிகிச்சைக்கு வழிகாட்டல். ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி.யும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும். ஹெபடைடிஸ் சி கிருமி சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்று யேல் பல்கலைக்கழகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1984ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மருந்துக் கடை ஊசி விற்பதை நிறுத்தியபோது, போதைப் பழக்கம் உள்ளவர்களின் சங்கமே ஊசி மாற்றைத் தொடங்கியது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டங்களில் பல ஆண்டுகளாக உண்டு. எய்ம்ஸ் 2019ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் ஊசி வழியாகப் போதை ஏற்றுபவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்றது. வடகிழக்கு மாநிலத்துப் பிரச்சினை என்று யாராவது ஒதுக்கினால் சென்னையைச் சொல்லுங்கள். அங்கே 2005-06ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடந்த ஆய்வில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

எண்ணை நீட்டினால் என்ன கேட்க வேண்டும்

சண்டையே இங்கேதான். எதிர்ப்பவர் கட்டாயம் ஒன்றைக் கொண்டுவருவார்: "கனடாவிலேயே தோற்றுப்போன திட்டம்." அவர் பொய் சொல்லவில்லை. வான்கூவரில் 1988லேயே ஊசி மாற்று தொடங்கி, ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் ஊசி கொடுத்தார்கள். அப்படியும் அங்கே எச்.ஐ.வி. வெடித்துப் பரவியது, 1997ல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அதே ஆண்டு மாண்ட்ரியல் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: ஊசி மாற்று மையத்துக்கு வந்தவர்களுக்கு, வராதவர்களை விட எச்.ஐ.வி. அதிகமாகத் தொற்றியிருந்தது.

இதைக் கேட்டதும் பதறாமல் ஒன்று கேளுங்கள்: மையத்துக்கு வந்தவர்கள் யார், வராதவர்கள் யார்? மாண்ட்ரியலில் மருந்துக் கடையிலேயே ஊசி வாங்க முடியும். கையில் காசும் கொஞ்சம் ஒழுங்கும் உள்ளவர்கள் கடையில் வாங்கிக்கொண்டார்கள். காசில்லாமல், நாளுக்குப் பல தடவை கொக்கெய்ன் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மையத்துக்கு வந்தார்கள். தொற்றும் அபாயம் இவர்களுக்கு வாசல் படி ஏறும் முன்பே அதிகம். அதோடு, கொடுத்த ஊசி தேவைக்குப் போதவில்லை. இரண்டு ஆய்வுகளையும் நடத்தியவர்களே 1998ல் நியூயார்க் டைம்ஸில் எழுதி, தங்கள் எண்ணைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று மறுத்தார்கள்.

இதோடு வெற்றி என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அடுத்து ஊசி மாற்றுக்குச் சாதகமான எண் வரும்: அமெரிக்காவின் சியாட்டிலில் ஊசி மாற்று மையத்துக்குப் புதிதாக வந்தவர்கள், வராதவர்களை விட ஐந்து மடங்கு அதிகமாகப் போதை சிகிச்சைக்குப் போனார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் அதே கேள்வி இங்கேயும் உண்டு. மையத்தைத் தேடி வந்தவன் மாற வேண்டும் என்று ஏற்கெனவே பாதி மனதோடு வந்திருப்பானோ? ஆய்வு செய்பவர்கள் மற்ற வித்தியாசங்களைக் கழித்துப் பார்க்க முயல்வார்கள். மனதைக் கழிக்க வழியில்லை. எதிராளியின் எண்ணைச் சல்லடையில் போட்டுவிட்டு நம் எண்ணை மட்டும் அப்படியே படி அளந்தால் கூட்டத்தில் யாராவது ஒரு விவரமானவர் பிடித்துவிடுவார். பிடிக்கத்தான் வேண்டும்.

நகரங்களை வைத்து ஒப்பிட்ட ஆய்விலும் இதே ஜாக்கிரதை தேவை. 1997ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: ஊசி மாற்று இருந்த 29 நகரங்களில், ஊசி போடுபவர்களிடையே எச்.ஐ.வி. ஆண்டுக்கு 5.8 சதவீதம் குறைந்தது. இல்லாத 52 நகரங்களில் 5.9 சதவீதம் ஏறியது. அழகான எண். ஆனால் திட்டம் தொடங்கும் துணிவுள்ள நகரத்தில் நல்ல மருத்துவமனையும் இருந்திருக்கலாம், பணமும் இருந்திருக்கலாம்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? எனக்கு மனதில் நிற்பது அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்து ஆய்வு. 1990ல் தொடங்கிய அந்த மையத்தில், யேலைச் சேர்ந்த எட்வர்ட் கேப்லன் ஆட்களிடம் கேள்வியே கேட்கவில்லை. ஆள் பொய் சொல்லலாம், மறந்து போகலாம். அவர் ஊசியைக் கேட்டார். வெளியே போகும் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு அடையாள எண். யாரிடம், எந்தத் தேதியில் போனது, எந்தத் தேதியில் யார் கையால் திரும்பி வந்தது என்று பதிவு. திரும்பி வந்ததில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பரிசோதனை. பேரேடு எழுதியவனுக்கு இதைப் பார்த்தால் கை தன்னால் கும்பிடும். ஊசி வெளியே சுற்றும் நாள் குறையக் குறைய, கிருமியுள்ள ஊசியின் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதிலிருந்து புதுத் தொற்றும் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அவர் கணித்தார். அது கணித மாதிரி வழியாக வந்த மதிப்பீடு, தலை எண்ணிய கணக்கு அல்ல. இதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிற்பாடு 2014ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவு, 34 சதவீதம் குறைவு என்று வந்தது. வேறு வேறு ஊர், வேறு வேறு முறை, விடை ஒரே பக்கம் சாய்கிறது. என்னை ஒப்ப வைத்தது அதுதான்.

பாதகமான ஆய்வை மறைக்காதீர்கள். அமெரிக்காவில் அனலிசா பேக்கம் 2022ல் வெளியிட்டது ஒன்று உண்டு: மையம் திறந்த இடங்களில் எச்.ஐ.வி. 18 சதவீதம் வரை குறைந்தது, ஆனால் ஓபியாய்டு (ஹெராயின் வகைப் போதை மருந்து) மரணங்கள் கூடின. ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு புகுந்த காலத்து அமெரிக்காவின் கணக்கு அது. நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மறு தரப்பு அதை எடுத்துப் போடுவதற்கு முன் நீங்களே வாசித்துவிடுங்கள்.

ஆச்சி கேட்பது

எண் எல்லாம் முடிந்ததும் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் கேட்டார்: "ஏப்பா, திருடனுக்கு நாமளே சாவி செஞ்சு கொடுக்கிறதா?" எல்லாக் கூட்டத்திலும் ஏதாவது ஒரு உருவத்தில் இது வரும். இதற்குச் சதவீதத்தால் பதில் சொல்லக் கூடாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சொன்னேன். "ஆச்சி, அங்கே 1980களின் தொடக்கத்தில் ஊசி விற்பதை நிறுத்தினாங்க. போலீஸும் கையில் இருந்த ஊசியைப் பறிச்சுது. யாரும் போதையை விடல. இருக்கிற ஊசியைச் சுற்றி உட்கார்ந்து பங்கு போட்டாங்க." 1986ல் அங்கே ஒரு டாக்டர் தன்னிடம் வந்த 164 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 51 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவனுகளுக்குப் பொண்டாட்டி இருப்பாளே" என்றார். நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

சின்ன ஊர் என்பதால் நமக்கு வராது என்பவருக்கு அமெரிக்காவின் இண்டியானாவில் ஆஸ்டின் என்ற ஊரைச் சொல்லுங்கள். மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் பரவி, 2015ல் வெடித்த தொற்றில் அந்த வட்டாரத்தில் 200 பேருக்கும் மேல் எச்.ஐ.வி. வந்தது. நம் பக்கமும் பேச்சு வலி மாத்திரையைப் பற்றித்தான். ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும்: மாத்திரையில் சேர்க்கும் மாவுப் பொருள் ரத்தக் குழாயையும் நுரையீரலையும் கெடுக்கும். புது ஊசி அதைத் தடுக்காது. அளவு மீறிப் போட்டு மூச்சு அடங்குவதையும் தடுக்காது. அப்படி யாராவது கிடந்தால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு கூடவே இருங்கள்.

எதைக் கேட்டு வாங்குவது

ஊசி மட்டும் கேட்காதீர்கள். போதை ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்தை மேற்பார்வையில் கொடுக்கும் சிகிச்சையையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பின்படி, மாற்று மருந்து சிகிச்சை தனியாக ஹெபடைடிஸ் சி தொற்றும் அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது. போதுமான ஊசியும் சேர்ந்தால் 74 சதவீதம் குறைகிறது. 'போதுமான' என்பதில்தான் கதை. ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 200 ஊசி, 2030க்குள் 300 என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை போடுபவனுக்கு ஆண்டுக்கு 700க்கு மேல் வேண்டும். ஒரு விழா வைத்து, ஒரு பெட்டி கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவது எந்தக் கணக்கிலும் சேராது.

சங்கமே ஊசி வாங்கி விநியோகிக்க இறங்க வேண்டாம். பயிற்சி பெற்ற களப்பணியாளர் செய்ய வேண்டிய வேலை அது. எய்ட்ஸ் தடுப்புக்காக ஊசி கொடுப்பது குற்றமாகாது என்று 2017ன் எச்.ஐ.வி. சட்டம், 22வது பிரிவில் பாதுகாப்புத் தருகிறது. நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; கூட்டத்துக்கு வரும் காவல் அதிகாரியிடம் மரியாதையாக நீட்டலாம். தானாக சிகிச்சைக்கு வருபவருக்கு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் 64ஏ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது.

மனு தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கு, நகல் மாவட்ட ஆட்சியருக்கு. எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை ஊசி கிடந்தது என்று மட்டும் எழுதுங்கள். எந்தப் பையன், எந்த வீடு என்று ஒரு பெயரும் வேண்டாம். பெயர்ப் பட்டியல் ஒன்று ஊரில் சுற்றுகிறது என்று தெரிந்தால் எந்தப் பையனும் மையத்துப் பக்கம் வர மாட்டான். மனுவுக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஹெபடைடிஸ் சி-க்குத் தேசியத் திட்டத்தில் இலவச மாத்திரை உண்டு, பெரும்பாலானோருக்கு 12 வாரத்தில் முடிந்துவிடும். எச்.ஐ.வி. உதவி எண் 1097, போதை மீட்பு உதவி எண் 14446. இரண்டையும் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதுவதை விட, பேருந்து நிலையக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பலகைக்கு முன்னால் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள யாருக்கும் தைரியம் வராது.