மெல்லிய முடிக்கு ரிப்பன் வைத்த நாலுகால் பின்னல்
ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரைக்குக் கிளம்பும்போது, குட்டிப் பெண்ணுக்கு முடி மெல்லிசாக இருக்கிறதே என்று சவுரி தேட வேண்டாம். ரிப்பனையே நான்காவது காலாக வைத்துப் பின்னுங்கள், அவ்வளவு அழகாக இருக்கும்.

குதிரைவால் போட்டு, ரப்பர் பேண்டில் ரிப்பனை முடிச்சிடுங்கள். முடியை மூன்று கால்களாகப் பிரியுங்கள், ரிப்பனோடு சேர்த்து நாலு கால். வலது ஓரக் காலை எடுத்து, பக்கத்துக் காலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே, கடைசிக்கு மேலே என்று இடது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். அப்புறம், இப்போது வலது ஓரத்தில் இருக்கும் கால். நுனி வரை இதேதான். ரிப்பன் வளைந்து வளைந்து இறங்கும்.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு பின்னாதீர்கள். நெற்றியோரத்தில் இறுக்கவும் வேண்டாம், பூனைமுடி இழுபட்டு உதிர்ந்துவிடும், பாவம் பிள்ளைக்கு வலிக்கும். பூவுக்குத் தஞ்சாவூர்க் கதம்பம் ஒரு சாண் போதும், மரிக்கொழுந்து வாசமே தூக்கும்.