தொண்டு நிறுவன அலுவலக வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்குத் தொண்டு நிறுவனங்கள் ஏராளமாக வந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைப் புரட்டிப் போட்டபோது இன்னொரு சுற்று வந்தது. டெல்டா மாவட்டங்களில் பி.காம். படித்தவர்கள் பலர் இந்த அலுவலகங்களில் கணக்கு எழுதவும் டேட்டா என்ட்ரி செய்யவும் சேர்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண குமாஸ்தா வேலைதான். ஆனால் கையிலிருக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவருக்காக இன்னொருவர் கொடுத்த பணம். அது போய்ச் சேர்ந்ததற்கு நீங்கள் வைக்கும் காகிதம்தான் சாட்சி.

சேரும்போதே நடக்கும் தவறு, "சேவைதானே" என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கேட்காமல் இருப்பது. சம்பளம் எந்த ப்ராஜெக்டிலிருந்து வருகிறது, அந்த ப்ராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் (எஃப்சிஆர்ஏ) திருத்தப்பட்டது. அதற்கு முன் 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது. கணக்காளர் சம்பளம், அலுவலக வாடகை, கரண்ட் பில் எல்லாம் அந்த 20க்குள்தான் அடங்க வேண்டும். ப்ராஜெக்ட் முடியும்போது அலுவலக வேலைக்கு முதலில் ஆபத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வவுச்சர், அதாவது செலவுச் சீட்டு. அதிகத் தவறு நடக்கும் இடமும் இதுதான், மனசாட்சிக்குச் சோதனை வரும் இடமும் இதுதான். ஒரு கிராமத்தில் மகளிர் குழுப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். அறுபது பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று, வந்தது நாற்பது பேர். ஃபீல்டில் இருந்து வருபவர், "அக்கா, மீதிக் கையெழுத்தை நீங்களே பார்த்துக்கோங்க" என்பார். அவர் திருடர் இல்லை. சொன்ன சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தாக வேண்டுமே என்ற பதற்றம் அவருக்கு. போடாதீர்கள். நாற்பது கையெழுத்தோடு, "அறுபது பேருக்குச் சொல்லியிருந்தோம், நடவு நாள் என்பதால் வரவு குறைந்தது" என்று ஒரு வரி எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். உண்மையான விளக்கத்தை ஆடிட்டர் ஏற்றுக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருக்கும் இருபது கையெழுத்து அவர் கண்ணில் பட்டால், மற்ற பக்கங்களையும் நம்ப மாட்டார்.

பிறகு எழுதிப் பழைய தேதி போட்ட பில்லும் அப்படித்தான். ஒரே கடை, பில் எண்கள் 41, 42, 43 என்று வரிசையாக இருக்கும். தேதி மட்டும் ஜூன், ஆகஸ்ட், நவம்பர். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

டீக்கடையிலும் டாட்டா ஏஸ் வண்டியிலும் பில் கிடைக்காது, சரி. அன்றைக்கே ஒரு வவுச்சர் எழுதி, என்ன செலவு, எங்கிருந்து எங்கே, யாருக்கு என்று விவரம் போட்டுப் பணம் வாங்கியவரின் கையெழுத்தையும் போன் நம்பரையும் வாங்கிவிடுங்கள். கைநாட்டு என்றால் பக்கத்தில் அவர் பெயரை எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ரசீது வாங்கினால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது சிக்கலாகும். வங்கி வழியாகவே அனுப்புங்கள். நன்கொடை வாங்கும் பக்கத்திலும் இதேபோல ஒரு வரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்று சொல்லிப் பழகியது) கிடைக்காது. இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வெளிநாட்டுப் பணத்தையும் உள்ளூர்ப் பணத்தையும் கலப்பது எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. "இந்த மாதம் அதிலிருந்து எடுத்துச் சம்பளம் போடுவோம், அப்புறம் திருப்பி வைத்துவிடலாம்" என்று மேலிருந்தே சொல்வார்கள். நிறுவனத்தின் பதிவே பறிபோகக்கூடிய விஷயம் இது. வெள்ள நேரத்தில் வெளிநாட்டு நிதியில் கொஞ்சத்தைப் பக்கத்து நிறுவனத்துக்கு மாற்றிவிடும் பழைய பழக்கமும் 2020 திருத்தத்துக்குப் பிறகு கூடாது. மறுப்பதைப் பணிவாக, ஆனால் எழுத்தில் சொல்லுங்கள்.

பயனாளிகளின் ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது இப்போது சகஜமாகிவிட்டது. கணவரை இழந்தவர்கள், கடனில் இருப்பவர்கள், நோயாளிகள் பட்டியல் கூட அப்படியே சுற்றுகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் பெண் உதவிதான் கேட்டார், ஊர் முழுக்கத் தன் கதை போக வேண்டும் என்று கேட்கவில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரே பல வேலைகளுக்குப் போதும். பட்டியலைத் தேவையான ஒருவருக்கு மட்டும், கடவுச்சொல் போட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று, டெல்டாவின் காலண்டரை மறந்து திட்டம் போடுவது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்துவிட்டால் குறுவை நெல் சாகுபடி வேலை சூடு பிடித்துவிடும். நடவு, களையெடுப்பு நாட்களில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்கிறோம் என்று அர்த்தம். ஃபீல்ட் ஊழியர் கையெழுத்தை நிரப்பும் நிலைக்குத் தள்ளப்படுவதும் இதனால்தான். கூட்டத்தைச் சாயங்காலம் வையுங்கள், அல்லது குழுத் தலைவியைக் கேட்டுத் தேதி குறியுங்கள்.

மழைக்காலம் அலுவலகத்துக்கும் உண்டு. வெளிநாட்டு நிதிக்கான ஆண்டுக் கணக்கான எஃப்சி-4 படிவத்தை டிசம்பர் 31க்குள் அனுப்ப வேண்டும். அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும். கரண்ட் போகும், நெட் இருக்காது, நிவாரண வேலைக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். செப்டம்பருக்குள் ஆடிட் வேலையை முடித்து, டாலி கணக்கு மென்பொருளின் பேக்கப்பை வெளியூரிலோ கிளவுடிலோ ஒரு பிரதி வைத்து, வவுச்சர் ஃபைல்களைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். தரையில் இருக்கும் சிபியுவையும் மேசைமேல் தூக்கி வையுங்கள்.