நெல்மணி திரளும் நாட்களில் நாம் செய்யும் தவறுகள்

தை மாதம் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிசானப் பருவ நெல் வயலில் கதிர் தலை சாயத் தொடங்கும்போது ஒரு கதிரை உருவிப் பாருங்கள். நுனியில் இருக்கும் மணிகள் கெட்டிப்பட்டிருக்கும். அடிப்பக்கத்துச் சிறு காம்புகளில் இருப்பவற்றை நகத்தால் நசுக்கினால் பால்தான் வரும். சிலவற்றில் அதுவும் இருக்காது, வெறும் உமி. தூற்றும்போது பதராகவும் கருக்காயாகவும் பறப்பவை பெரும்பாலும் இந்த அடிமணிகள்தான்.

போன பிசானத்தில் இதைப் பார்த்துவிட்டு என் சித்தப்பா மருந்துக் கடைக்குப் போனார். "ஒரு டானிக் அடிச்சு விடுங்க அண்ணாச்சி, மணி பெருக்கும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஜிப்பரெல்லிக் அமிலம் என்று எழுதியிருந்தது. அது ஒரு பயிர் ஹார்மோன். பயிரோ பூத்து முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஹார்மோனை உரம் மாதிரி நினைப்பதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. உரத்துக்கு மூட்டைக் கணக்கு உண்டு. ஹார்மோன், பயிர் தனக்குத்தானே மிகச் சிறிய அளவில் உண்டாக்கிக்கொள்ளும் சேதி. எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் அதில் பெரிய விஷயம்.

தண்டுக்குள் கதிர் உருவாகும்போது அதில் எத்தனை மணி என்பதைத் தீர்மானிப்பதில் சைட்டோகைனின் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. சைட்டோகைனினைச் சிதைக்கும் ஒரு மரபணு மந்தமாக இருக்கும் நெல்லில் கதிருக்கு மணி கூடுகிறது என்று 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூத்துச் சூல் பிடித்த முதல் சில நாட்களில் அதே சைட்டோகைனின் மணிக்குள் மறுபடி கூடுகிறது. அந்த நாட்களில்தான் மணியின் செல்கள் மளமளவென்று பிரிகின்றன. நம் ஊர் வழக்கில் சொன்னால் குலுக்கை, அதாவது நெல் கொட்டிவைக்கும் கூடு, கட்டும் வேலை அது. சின்னதாகக் கட்டிவிட்டால் அப்புறம் எவ்வளவு நெல் வந்தாலும் கொள்ளாது. பிறகு சைட்டோகைனின் இறங்கும், அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும், குலுக்கை நிறையத் தொடங்கும். அடிமணிகள் சில நாள் பிந்திப் பூப்பவை. அவற்றில் இந்த இரண்டும் குறைவு, மணியைச் சூம்ப வைக்கும் எத்திலீன் என்ற ஹார்மோன் அதிகம்.

சித்தப்பாவின் பாட்டிலுக்கு வருவோம். நாற்றங்காலில் சில நாற்று மட்டும் வெளிறி, நெட்டென்று வளர்ந்து, பிறகு சாவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் நாற்றை இழுத்துவிடுகிறது என்று குரோசாவா 1926-ல் கண்டார். அந்தப் பொருள்தான் ஜிப்பரெல்லின். பாட்டிலில் இருந்த ஜிப்பரெல்லிக் அமிலம் அதில் ஒரு வகை. 1966-ல் வந்த ஐ.ஆர்.8 நெல் ரகம் குட்டையாக நின்று உரத்தைத் தாங்கியதற்குக் காரணம், அது ஜிப்பரெல்லினைக் குறைவாக உண்டாக்கியதுதான். பிறகு வந்த குட்டை ரகங்கள் பலவற்றிலும் அதே குணம் இருக்கிறது. அப்படிப்பட்ட பயிருக்கு அதையே கடையில் வாங்கித் தெளித்தால் தாள் நீளும், கதிர்ப் பாரம் தாங்காமல் ஒரு காற்றுக்குச் சாயும். வீரிய ஒட்டு விதை உற்பத்தியில், பெண் பயிரின் கதிர் கண்ணாடி இலையின் (தாளின் கடைசி இலை) உறைக்குள் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர இதைத் தெளிப்பார்கள். அதற்கு நேரமும் அளவும் வேறு. சோற்று நெல்லுக்கு வேண்டாம்.

இதைவிடப் பரவலான தவறு, கதிர் வந்த பிறகும் யூரியா வீசுவது. வயல் பச்சையாக இருந்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் பிந்திப் போட்ட தழைச்சத்தால் வேர் சைட்டோகைனினை அனுப்பிக்கொண்டே இருக்கும், பயிர் பழுக்க மறுக்கும். தாளில் சேர்த்து வைத்த மாவுச்சத்து மணிக்கு ஏறாமல் வைக்கோலோடு போய்விடும்.

தண்ணீர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூக்கும் வாரத்தில் வயல் காயக் கூடாது. பூத்து ஒரு வாரம் கழிந்த பிறகும் தண்ணீர் தேங்கியே நிற்க வேண்டும் என்பதில்லை. மண் லேசாகக் காயும்போது பயிரில் அப்சிசிக் அமிலம் கூடி, தாளில் இருக்கும் சத்தை அடிமணிகளுக்கும் தள்ளிவிடுகிறது. சீனாவில் நடந்த வயல் ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஆனால் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்வரை விட்டால் எத்திலீன் ஏறி மணி சூம்பிவிடும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, உள்ளே நீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. ஆழத்துக்கு இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். எங்கள் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மேல்வயல் தண்ணீர்தான் நம் வயலுக்கு வருகிறது, தனியாக நிறுத்துவது சிரமம்தான். பக்கத்து வயல்காரரோடு பேசி முறை வைத்துக்கொண்டால் முடியும்.

களைக்கொல்லி 2,4-டி ஒரு செயற்கை ஆக்சின், அதுவும் ஹார்மோன் வகைதான். களை முந்திவிட்டதே என்று கதிர் இன்னும் தாளுக்குள் இருக்கும் பொதிப் பருவத்தில் அடித்தால் கதிர் கோணலாகி மணி மலடாகும். பூக்கும் நாட்களில் காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணிவாக்கில் எந்த மருந்தையும் தெளிக்காதீர்கள். பூ திறந்திருக்கும் நேரம் அது. சாயங்காலம் அடியுங்கள்.

கார் பருவ நெல் அறுவடை புரட்டாசி மழையில் மாட்டினால் இன்னொரு சிக்கல். முற்றிய மணியை முளைக்காமல் பிடித்து வைத்திருப்பது அப்சிசிக் அமிலம். சாய்ந்த கதிர் நீரில் ஊறினால் அந்தப் பிடி தளர்ந்து, ஜிப்பரெல்லின் தவிட்டு அடுக்கை எழுப்பும். அங்கே ஊறும் நொதி மாவைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும், கதிரிலேயே முளை விடும். எந்திரம் வரட்டும் என்று நாலு நாள் காத்திருக்காமல் வரப்பை வெட்டி நீரை வடியுங்கள். சாய்ந்த பகுதியை முதலில் அறுத்துத் தனியாகக் காய வையுங்கள். அதிலிருந்து விதைக்கு ஒரு மரக்கால்கூட எடுத்து வைக்க வேண்டாம்.