கப்பல் விதியை வைத்துப் பள்ளிச் சாலையில் வண்டி ஓட்டுவது: படிப்படியாக

கப்பலில் வாட்ச் (முறைபோட்டுக் கடலைக் கண்காணிக்கும் பணி) பார்க்கப் பழகும் புதியவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது 'கோல்ரெக்'. கடலில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க 1972-இல் வகுக்கப்பட்டு, 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகள் அவை. கப்பல்காரர்கள் பேச்சில் அவற்றை 'ரூல்ஸ் ஆஃப் த ரோடு' என்பார்கள். தண்ணீரில் ஏது ரோடு என்று அப்போது சிரித்திருக்கிறேன். பிற்பாடு, பிள்ளையைப் பள்ளியில் விட தினமும் காலையில் கார் எடுக்கத் தொடங்கியபோதுதான், அந்தப் பெயர் அவ்வளவு தப்பில்லை என்று பட்டது. பள்ளி வாசலில் எனக்குக் கைகொடுத்தது ஓட்டுநர் பயிற்சியை விட அந்தப் பழைய மனப்பாடம்தான்.

புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கும், பிள்ளையை முதல்முறை பள்ளிக்கு அழைத்துப்போகிறவர்களுக்கும் அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கிளம்பும் முன்பே ஒத்திகை

2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பயணிகள் பலருக்கு அவசர ஒத்திகை இன்னும் நடக்கவில்லை. ஒத்திகை விஷயத்தில் கப்பல் விதியை மீறவில்லை. பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி இருந்தது. பிறகு அதைத் திருத்தினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும்.

பள்ளி திறக்கும் முன் ஒரு நாள் பிள்ளையோடு அந்த வழியை நடந்து பாருங்கள். காலை நெரிசல் நேரத்திலேயே போங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் ஒன்றும் தெரியாது. எந்த இடத்தில் கடப்பது, எந்தத் திருப்பத்தில் நிறுத்தியிருக்கும் வண்டிகள் பார்வையை மறைக்கின்றன என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்களுக்குத் தெரிகிற தெரு அங்கிருந்து தெரியாது, கார் கதவும் டயரும்தான் தெரியும்.

அப்புறம், கப்பலின் லைஃப் ஜாக்கெட்டில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான பட்டை ஒட்டியிருக்கும். அதே மாதிரிப் பட்டை பள்ளிப் பையிலும் இருக்கட்டும். மழை நாளிலும் விடிந்தும் விடியாத நேரத்திலும் பிள்ளை தூரத்திலேயே கண்ணில் படும்.

படி 2: காதையும் திறந்து வையுங்கள்

கோல்ரெக்கின் ஐந்தாவது விதி ஒரே ஒரு வாக்கியம்தான். கண்ணாலும் காதாலும், கையில் இருக்கும் மற்ற எல்லா வழிகளாலும் எப்போதும் கவனித்துக்கொண்டே இரு என்கிறது. ரேடார் இருக்கிறதே என்று கண்ணை மூட அதில் இடமில்லை. பள்ளித் தெருவில் இதன் பொருள் லேசானது. பாட்டை அணையுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், போனைத் தொடாதீர்கள். நடக்கிற பிள்ளையின் காதில் இயர்போன் இருக்கக் கூடாது.

படி 3: வேகம்

கடலில் வேக வரம்புப் பலகை கிடையாது. ஆறாவது விதி 'பாதுகாப்பான வேகம்' என்று சொல்லிவிட்டு எண் எதுவும் தராது. எவ்வளவு தூரம் தெரிகிறது, சுற்றிலும் எத்தனை கலங்கள் இருக்கின்றன, உன் கப்பல் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும், இதையெல்லாம் பார்த்து நீயே முடிவு செய் என்கிறது. முழு வேகத்தில் போகும் பெரிய கப்பல் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி நிற்க, தன் நீளத்தைப்போல் 15 மடங்கு தூரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது சர்வதேச அளவுகோல். 300 மீட்டர் கப்பல் என்றால் நாலரை கிலோமீட்டர்!

சாலையில் எண் கொடுத்திருக்கிறார்கள். நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று 2020-இல் உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாட்டில் வெளியான ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டது. பல நாடுகளில் பள்ளிகளின் அருகே அதுதான் வரம்பு. ஏன் 30, 50 போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள். 30-இல் அந்த நொடியில் வண்டி 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடிவிடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால் இன்னொரு 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 13 மீட்டருக்குச் சற்று மேல். 50-இல் அந்த ஒரு நொடியில் மட்டுமே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும்.

பதின்மூன்றரை மீட்டர் முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது. 30-இல் வருபவர் குழந்தையின் முன்னால் நின்றுவிடுகிறார். 50-இல் வருபவர் இன்னும் பிரேக்கையே தொடவில்லை, முழு 50-இல் இடிக்கிறார். 'கொஞ்சம் பலமாக இடிக்கும், அவ்வளவுதானே' என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று வயிற்றைக் கலக்கியது.

இன்னொன்று. 30 என்பது உச்சம். மழையிலும், இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும்போதும் 15 கூட அதிகமாக இருக்கலாம்.

படி 4: நகராமல் நிற்பதுபோல் தெரிவதைச் சந்தேகியுங்கள்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. திசைகாட்டியில் அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறோம். சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்கிறோம். கோணம் நன்றாக மாறியிருந்தால் பெரும்பாலும் அது நம்மைத் தாண்டிப் போய்விடும். கோணம் மாறவில்லை, கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்றால் மோதப் போகிறோம். ஏழாவது விதி இதை எழுதியே வைத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொள் என்றும் சொல்கிறது.

வினோதம் என்னவென்றால், நம்மோடு மோதப் போகிற பொருள் நம் கண்ணுக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அசைவதைத்தான் கண் சட்டென்று பிடிக்கும், நிற்பதை விட்டுவிடும். காரில் இது இன்னும் மோசம். முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறதல்லவா? குறுக்குத் தெருவிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளை அந்தத் தூணுக்குப் பின்னால் மறைந்து, கோணம் மாறாமல் உங்களோடு கூடவே வந்தால், மோதும்வரை உங்களுக்குத் தெரியாது.

எனக்கே ஒருமுறை நடந்தது. தெரு காலி என்று அடித்துச் சொல்லியிருப்பேன். பின்சீட்டிலிருந்து என் பெண் "அப்பா, சைக்கிள்!" என்று கத்தியதால் தப்பித்தோம். கடலில் அத்தனை இரவுகள் கோணம் பார்த்தவன், கார் தூணுக்குப் பின்னால் பார்க்க மறந்துவிட்டேன்.

சந்திப்பை நெருங்கும்போது இதைச் செய்யுங்கள்: வேகத்தைக் குறையுங்கள், வேகம் மாறினாலே கோணம் மாறி மறைந்திருப்பது வெளியே வந்துவிடும். சீட்டில் முன்னால் சாய்ந்து ஒருமுறை, பின்னால் சாய்ந்து ஒருமுறை தூணைச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

படி 5: யார் வழிவிடுவது?

கடலில் இதற்கு நீளமான பட்டியல் உண்டு. குறுக்கே சந்திக்கும் இரண்டு எஞ்சின் கப்பல்களில், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பது வழிவிட வேண்டும். எஞ்சின் கப்பல் பாய்மரக் கப்பலுக்கு வழிவிட வேண்டும். எல்லோரும் ஒதுங்க வேண்டிய ஒரு வகையும் உண்டு: ஏதோ கோளாறால் விதிப்படி திரும்ப முடியாத, கட்டுப்பாடிழந்த கலம். இரவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்கு, பகலில் இரண்டு கறுப்புப் பந்து கட்டியிருக்கும்.

பள்ளித் தெருவில் ஒவ்வொரு குழந்தையும் அந்தக் கலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்துதான் கட்டியிருக்காது, உருண்டோடும் பந்தைத் துரத்திக்கொண்டு வரும். வரும் வண்டியின் வேகத்தைச் சின்னப் பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடியாது. கடலில் எதிரில் வருபவரும் விதி படித்தவர். இங்கே ஒரு பக்கம்தான் படித்திருக்கிறது. வழி யாருடையது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள்.

படி 6: சீக்கிரமே, பளிச்சென்று

எட்டாவது விதி துளித்துளியாகத் திரும்புவதைக் கண்டிக்கிறது. எதைச் செய்தாலும் நேரத்தோடு செய், மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாகச் செய் என்கிறது. ஜீப்ரா கிராசிங்கிலும் அப்படித்தான். கோட்டுக்கு மிக முன்பே வேகத்தைக் குறைத்து, முழுதாக நின்றுவிடுங்கள். ஊர்ந்துகொண்டே இருந்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான்.

நின்றபின் 'வா வா' என்று கையாட்டாதீர்கள். உங்களைத் தாண்டி இன்னொரு வண்டி வருகிறதா என்று பிள்ளை பார்க்காமலே இறங்கிவிடும். கிராசிங்கில் நிற்கும் வண்டியை முந்துவது அதைவிட மோசம். அது ஏன் நிற்கிறது என்று பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. சில நாடுகளில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு போட்டு நின்றால் எதிர்த்திசை வண்டிகளும் நிற்க வேண்டும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஹாரன்

இங்கே மட்டும் கடல் விதியைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டாம். கப்பலில் ஐந்து குறுகிய ஊதல் என்றால் 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை' என்று பொருள். எதிரில் இருப்பவர் அதைப் புரிந்துகொள்வார். குழந்தை புரிந்துகொள்ளாது. திடுக்கிட்டு நடுச்சாலையில் நின்றுவிடும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பி ஓடும். முதலில் பிரேக்.

படி 8: இறக்கிவிடுவது

நடைபாதைப் பக்கக் கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும். ஜீப்ரா கோட்டின் மேலும் அதை ஒட்டியும் நிறுத்த வேண்டாம், ஒரு நிமிடத்துக்குக்கூட. பின்னால் கடக்கிற பிள்ளையை உங்கள் வண்டி மறைக்கும். நூறு மீட்டர் தள்ளி நிறுத்தி நடந்தே போங்கள்.

கிளம்பும்போது அவசரப்பட வேண்டாம். மணி அடித்து, கூட்டம் கலைந்து, தெரு வெறிச்சென்று இருக்கும். எல்லோருக்கும் கால் தானாக ஆக்ஸிலேட்டரில் அழுந்துவது அப்போதுதான். தாமதமாகிவிட்டதே என்று இரண்டு பக்கமும் பார்க்காமல் ஒரு பிள்ளை ஓடி வருவதும் அப்போதுதான்.