பரிசலில் தூண்டில் போடப் போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

முதன்முதலாக மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் நாகமரைப் பக்கம் பரிசலில் மீன் பிடிக்கப் போனபோது, நங்கூரமாகக் கல்லைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டு அரை மணி நேரம் தக்கையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகில் ஏதோ குத்தியது. திரும்பிப் பார்த்தால் சீமைக்கருவேல முள்! கயிறு குட்டை, கல் சரியாகத் தரையில் உட்காரவில்லை, காற்று எங்களை நைசாகக் கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. பரிசல் ஓட்டிய அண்ணன் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. சிரித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "மீன் அந்தக் கரையில இருக்கும் தம்பி, ஆனா நாம அந்தக் கரையில இருக்கக் கூடாது." நான் கீழே எழுதப்போவது எல்லாம் அந்த ஒரு வரிக்கான விளக்கம்தான்.

அதற்கு முன் ஒரு விஷயம். மேட்டூர் நீர்த்தேக்கமோ கிருஷ்ணகிரி அணையோ, மீன்பிடி உரிமை யாரிடமாவது குத்தகையாகவோ உரிமமாகவோ இருக்கும். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், நீச்சல் தெரிந்தாலும்.

1. கரையிலேயே காற்றைப் படியுங்கள்

ஒரு பிடி காய்ந்த மண்ணை எடுத்து மெதுவாக விட்டுப் பாருங்கள், திசை தெரிந்துவிடும். வேகத்துக்கு மரத்தைப் பாருங்கள். இலைகளும் சிறு குச்சிகளும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். சின்னக் கிளைகள் ஆடி, கரையில் புழுதியும் காகிதமும் பறந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் நடுவில் அலையின் தலையில் வெள்ளை நுரை உடைவது தெரிந்தால் புதிதாகக் கற்பவர்கள் அன்றைக்குப் பரிசலைத் தொட வேண்டாம். ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறோம், பரிசலுக்கு அம்மி எடை கூடக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக இருப்பதால் காற்று பிடித்தால் நகர்வதோடு நில்லாமல் சுற்றவும் சுற்றும்.

2. எந்தக் கரையில் அலை மோதுகிறது?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காற்று தொடர்ந்து ஒரே பக்கமாக அடித்தால் மேல்தண்ணீரும் கூடவே நகரும். காற்றின் வேகத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான், ஆனால் 20 கிலோமீட்டர் காற்றுக்கு அது மணிக்கு 400 முதல் 600 மீட்டர் வரை வந்துவிடும். அந்தத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அடித்துக்கொண்டு போய் எதிர்க்கரையில் சேரும். அதைத் தின்னப் பொடிமீன் வரும், பொடிமீனைத் தின்னப் பெரிய மீன் வரும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் அதன் சாப்பாடு, அதனால் காற்றோடு இடம் மாறும் மீன் என்றால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்கால் அடியில் கிடக்கும், காற்றால் அதற்கு அவ்வளவு மாற்றமில்லை. அலை கரையைக் கலக்கிச் செம்மண் கலந்த தண்ணீர் ஆக்கிவிடுவதால் மீனுக்கு உங்கள் தூண்டில் நரம்பும் நிழலும் சரியாகத் தெரியாது, அதுவும் நமக்கு லாபம்.

ஆடி மாதம் காற்று மேற்கிலிருந்து வரும். அதாவது எதிரே மேற்குக் கரையில் இருக்கும் பண்ணவாடிப் பக்கம் அடங்கியிருக்கும், நம்முடைய நாகமரைக் கரையில் அலை மோதும். மீனும் நம் கரைக்கு வரும் என்று சந்தோஷப்படலாம், ஆனால் பரிசலை அலை மோதும் கரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பாறையிலோ முள்ளிலோ அடித்துவிடும். அண்ணன் சொன்னது இதைத்தான்.

3. அப்போது எங்கே நிற்பது?

அலை மோதும் கரையிலிருந்து தூண்டில் எட்டும் தூரத்துக்கு உள்ளே, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். முதுகில் காற்று, முகத்துக்கு நேராகக் கரை. இரையைக் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். தூரம் போதவில்லை என்று பரிசலை நெருக்காதீர்கள், கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பரிசல் தானாகக் கரைப் பக்கம் நகரும், பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

கயிறு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆழம் 10 அடி என்றால் கயிறு 50 அடியாவது விட வேண்டும். செங்குத்தாக நிற்கும் கயிறு ஒவ்வொரு அலைக்கும் கல்லைத் தூக்கிவிடும், சாய்வாகக் கிடந்தால்தான் கல் தரையைப் பிடிக்கும். ஃபைபர் படகு என்றால் கயிற்றை முன்மூக்கில் மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டிலோ பின்பக்கமோ கட்டினால் அலை உள்ளே ஏறும். கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டமே 52 அடிதான், ஓரங்களில் ஆழம் குறைவு, அங்கே அலை சின்னதாக இருந்தாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வந்து படபடவென்று அடிக்கும். அந்த ஓரங்களில் இன்னும் கவனம் வேண்டும்.

4. வீசுவதும் நரம்பும்

உட்கார்ந்தபடியே காற்றோடு வீசுங்கள். குறுக்கே வீசினால் தூண்டில் முள் பக்கத்தில் இருப்பவர் காதுக்குப் போகும். இரை விழுந்தவுடன் ராடின் (தூண்டில் கம்பின்) நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுங்கள். இல்லையென்றால் காற்று நரம்பை வில்லாக வளைத்துவிடும், மீன் கடித்ததே தெரியாது. ஈயத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, கரையில் குவிந்த தண்ணீர் அடிவழியாகத் திரும்பி வரும், அதனால் தக்கை ஒரு பக்கமும் கீழே இரை எதிர்ப்பக்கமும் இழுபடும். முதலில் பார்ப்பவர்கள் மீன் என்று நினைத்துச் சுண்டிவிடுவார்கள், நானும் நிறையச் சுண்டியிருக்கிறேன்.

5. திரும்பும் வழி

போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். கை ஓய்ந்த பிறகு திரும்பும்போது காற்று தள்ளிவிடும். காலையில் அடங்கியிருக்கும் காற்று வெயில் ஏற ஏறக் கூடும், அதனால் விடியற்காலையில் இறங்கிப் பத்து மணிக்கெல்லாம் கரையேறிவிடுவது எனக்குப் பழக்கம்.

சித்திரை, வைகாசி மாலைகள்தான் எனக்குப் பயம். புழுக்கமாக இருக்கும், ஒரு இலை ஆடாது, பிறகு கருமேகத்துக்கு அடியிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்றும் மண்வாசனையும் வரும். அது வந்தால் சில நிமிடங்கள்தான் உங்கள் கையில் இருக்கும். ராடைக் கீழே வையுங்கள், கார்பன் ராடு மின்னலுக்கு நல்ல கம்பி. கயிற்றை இழுக்க நேரமில்லையென்றால் அறுத்துவிடுங்கள், கல் போனால் போகட்டும். பரிசலின் அடியில் தாழ உட்கார்ந்து, புறப்பட்ட துறைக்கே போக வேண்டும் என்று காற்றோடு மல்லுக்கட்டாமல், பாறையில்லாத கரையாகப் பார்த்து அது தள்ளும் பக்கமே ஒதுங்குங்கள். முள் குத்தும், சாலை வரைக்கும் நடக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை.